அண்ணன் எழுதாத சத்தம்

பதுளை
04.02.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி தனலெட்சுமி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். நீ சொல்லவில்லை என்பதுதான் குறை.

உன் சரக்குக் கப்பலில் ஏவுகணை விழுந்தது என்று ஜனவரி பதினெட்டாம் தேதி கொழும்பு ஆபீசிலிருந்து நான் வேலை செய்யும் தையல் கடைக்குப் போன் வந்தது. கடை முதலாளி றஷீனா அக்கா கேட்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். இருபத்திரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள், ஒரு போர்க்கப்பல் ஏற்றிக்கொண்டது என்று எழுதியிருந்தது. கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி பஸ் ஏறித் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடினேன். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கூடையோடு அப்படியே தேயிலைச் செடி நிரையில் உட்கார்ந்துவிட்டார். பிழைத்துவிட்டாய் என்று நான் இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் அழுதார்.

அதற்குப் பிறகு இது மூன்றாவது ஞாயிறு. நீ வழக்கமாகப் பத்து மணிக்குக் கடைக்குப் போன் எடுப்பாய் என்று அம்மா எட்டு மணிக்கே நல்ல சேலை கட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறார். நீ எடுப்பதில்லை. நாங்கள் எடுத்தால் வெட்டிவிடுகிறாய். "சிக்னல் இல்லை, கடிதம் எழுது" என்று ஒரு வரி அனுப்புகிறாய். கடிதத்தைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினால் வந்து சேரச் சிக்னல் இருக்கிறது, பேச மட்டும் இல்லையா?

எனக்குக் கடிதம் போதும். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் என் காதை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து நாம் கொப்பியில் எழுதியும் கைச்சைகையிலும் பேசி வளர்ந்தவர்கள். ஊர்ச் சத்தமெல்லாம் எனக்கு எழுதிக் காட்டியவனே நீதான். ஆனால் அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, பொறுமையும் கிடையாது. "கால் போயிருச்சா, கை போயிருச்சான்னு கேளுடி. எதுன்னாலும் சொல்லித் தொலைக்கச் சொல்லு" என்கிறார். கேட்டுவிட்டேன். சொல்லித் தொலை.

மாரியம்மா உன்னைக் காக்கட்டும்.

உன் தனம்

* * *

கடலில்
12.02.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் கிருஷ்ணராஜ். நான் நன்றாக இருக்கிறேன். கால் இரண்டு, கை இரண்டு, விரல் இருபது, எல்லாம் எண்ணிப் பார்த்தாயிற்று. அம்மாவிடம் சொல். இடது முழங்கைக்குக் கீழே நெருப்புச் சுட்டிருக்கிறது. ரொட்டிக் கல்லில் உனக்குச் சுடுமே, அதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் கப்பலின் முன்பக்கம் அடிபட்டுத் தீப்பிடித்தது. நான் எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்தபோது வானம் தெரியாத அளவுக்குப் புகை. உயிர்காப்புப் படகில் இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் போர்க்கப்பல் வந்து ஏற்றியது. எந்த நாட்டுக் கப்பல் என்று எழுதக்கூடாதாம். தேநீர் கொடுத்தார்கள், உடுப்புக் கொடுத்தார்கள். தேநீர் நம்ம ஊர்த் தூளாக இருக்காது, குடித்தாலே தெரியும்.

மூன்றாம் நாள் பகலில் அந்தக் கப்பலையே ஒரு ட்ரோன் அடித்தது. நான் சாப்பாட்டு அறைக்குப் போகும் நடையில் இருந்தேன். இரும்புச் சுவர் என் பக்கமாக வளைந்து வருவதைப் பார்த்தேன். பிறகு விளக்கு போய்விட்டது. எழுந்து பார்த்தால் கணுக்கால் வரை தண்ணீர். சிப்பாய்கள் ஓடி வந்து ஓட்டையில் மெத்தைகளைத் திணித்து, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். அத்தனை பெரிய கப்பலை மெத்தையும் மரக்கட்டையும் காப்பாற்றும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாப்பாட்டு அறையே ஆஸ்பத்திரி ஆனது. சாப்பிடும் மேசைகள்தான் கட்டில். திரை மாட்டும் கொக்கிகளில் சேலைன் பைகள். ஒரே ஒரு டாக்டர், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகக் குனிந்தார். அடிபட்டவர்களுக்கு மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாடா கட்டினார் ஒரு நர்ஸ் அம்மா. சிவப்புக்கு முதல் கவனிப்பு. எனக்குப் பச்சை. அதாவது, நீ கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

அங்கேதான் நம்ம வீட்டுக் கைப்பேச்சு வேலைக்கு வந்தது! அந்தப் போர்க்கப்பலின் தலைமைச் சமையல்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், பெரிய உருவம். தாடை நொறுங்கி வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். நர்ஸ் என்ன கேட்டாலும் அவரால் சொல்ல முடியவில்லை. நான் போய், கட்டை விரலை உதட்டில் வைத்துத் தண்ணீரா என்று கேட்டேன், மணிக்கட்டைக் கிள்ளி வலியா என்று கேட்டேன். மனிதர் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆறு நாள், அவருக்கு என்ன வேண்டும் என்று நர்சுக்குச் சொல்ல நான்தான் ஆள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் "போதும்" என்று அர்த்தம் என இப்போது அந்தக் கப்பல் முழுவதற்கும் தெரியும்.

போன் விஷயம், இங்கே வசதி சரியில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்து. உன் தையல் எப்படிப் போகிறது?

என்றும் உன் அண்ணன்

* * *

பதுளை
18.02.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நானும் றஷீனா அக்காவும் மாறி மாறி மூக்கைச் சிந்தினோம். அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இருபது விரல் என்றதும் சிரித்தார். நாங்கள் சுகம். மழை விட்டுவிட்டது, கொழுந்துதான் குறைவு.

நம்ம கைப்பேச்சு கடல் கடந்து போனது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நம்ம லயத்து வீட்டு வரிசையிலேயே அது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அம்மாவுக்கு இன்றுவரை வரவில்லை. என் முன்னால் நின்று கத்துவார். பதினேழு வருடமாகக் கத்துகிறார். நான் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பேன், மீதிக்கு "அவகிட்ட நீயே சொல்லுடா" என்று உன்னைத்தான் கூப்பிடுவார். நீ கப்பலுக்குப் போன பிறகு அந்த மீதி எனக்குக் கிடைப்பதே இல்லை. சரி, அதை விடு.

அம்மாவுக்கு உன் குரல் வேண்டுமாம். இன்றைக்கும் பன்னிரண்டு மணிவரை இருந்துவிட்டு, வாங்கி வந்த வடையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். எப்போது வருவாய்? தேதி சொல், இல்லாவிட்டால் ஒரு போன் எடு.

உன் வரவைப் பார்த்திருக்கும் தனம்

* * *

துறைமுகத்திலிருந்து
29.02.2024

பாசமுள்ள தனத்துக்கு,

நலமாக இருக்கிறேன், உங்கள் நலத்துக்கும் குறை வரக் கூடாது. கரையில் இறக்கிவிட்டார்கள். கைப் புண் காய்ந்து தோல் வந்துவிட்டது. எங்கள் ஆட்களையெல்லாம் கம்பெனி ஊருக்கு அனுப்புகிறது. நான் கொஞ்ச நாள் இருக்கிறேன். எரிந்த கப்பலை இழுத்து வந்து கட்டியிருக்கிறார்கள், அதற்குக் காவல் வேண்டுமாம், நான் பெயர் கொடுத்துவிட்டேன். எத்தனை மாதம் என்று தெரியாது. கப்பல் வேலைக்கு உடம்பு தகுதி என்று ஒரு பத்திரம் உண்டே, அதையும் இங்கேயே புதுப்பித்துவிட்டு வேறு கப்பல் ஏறலாம் என்று யோசிக்கிறேன். வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புவது அலைச்சல்தானே.

அம்மா ஞாயிறு தோறும் டவுனுக்கு வர வேண்டாம் என்று சொல். ஊருக்கு வரும் எங்கள் கப்பல்காரன் ஷிராஸிடம் ஒரு பை பேரீச்சம்பழம் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன்

* * *

பதுளை
10.03.2024, ஞாயிறு

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை. செத்துப் பிழைத்தவன் வீட்டுக்கு வருவது அலைச்சலா? இதை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. வேலை இருக்கிறதாம், வருவானாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னோடு வேலை செய்த வெலிமடை ஷிராஸ் நேற்றுக் கடைக்கு வந்தார். பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. உன்னைப் பற்றி அவர் றஷீனா அக்காவிடம் சொன்னதை அக்கா அப்படியே எனக்கு எழுதித் தந்தார். "அவர் இப்ப யாரோடயும் கதைக்கிறல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறல்ல. சண்டைக் கப்பல்ல பெரிய ஆக்களோட வேல செஞ்ச பெருமையோ தெரியா."

என் அண்ணனுக்குப் பெருமை வராது. எனக்குத் தெரியும். பிறகு என்ன?

தனம்

* * *

துறைமுகத்திலிருந்து
21.03.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

நீ கோபித்தாலும் உன் சுகமும் அம்மாவின் சுகமும்தான் என் நினைப்பு. ஷிராஸ் நல்ல பையன், ஆனால் வாய் நீளம். அவன் பேச்சை விடு.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. எனக்காக இல்லை, இங்கே என்னோடு தங்கியிருக்கும் ஒரு கூட்டாளிக்கு. குண்டு வெடித்ததில் அவனுக்குக் காதில் கொஞ்சம் கோளாறு. உனக்குக் காது போன புதிதில் தலைக்குள் இரைச்சல் இருந்ததா? அது எத்தனை நாளில் நின்றது? தூங்கும்போது யாராவது வந்தால் எப்படித் தெரிந்துகொள்வாய்? ரோட்டில் நடக்கும்போது பின்னால் வரும் வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பாய்? பயமாக இருக்காதா?

அவன் பாவம், யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறான்.

அண்ணன்

* * *

பதுளை
24.03.2024, ஞாயிறு

என் அண்ணனுக்கு,

உன் கூட்டாளிக்குப் பதில் கடைசியில். முதலில் உனக்கு.

அண்ணா, உனக்குக் காது கேட்கவில்லை.

பாம்பின் கால் பாம்பறியும். மற்றவர்களிடம் மறைத்துவிடலாம், என்னிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா? நேற்று உன் கடிதங்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். கப்பலில் சேர்ந்த புதிதில் எஞ்சின் சத்தம் தேயிலை ஆலையின் உருளைச் சத்தம் மாதிரி என்று ஒரு பக்கம் எழுதினாய். மழை, கடற்காகம், மாலுமிகளின் குறட்டை, எதையும் விடமாட்டாய். எனக்காகத்தான் அப்படி எழுதுவாய். இப்போது ஒரு கப்பல் வெடித்த கதையை எழுதியிருக்கிறாய், அதில் ஒரு சத்தம் இல்லை. சுவர் வளைந்தது தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது, நாடாவின் நிறம்கூடத் தெரிகிறது. ஒருவர் கத்தினார் என்று இல்லை. ஆப்பு அடித்தார்கள் என்று எழுதியவன் அந்த அடியை எழுதவில்லை. நான் பார்க்கும் உலகம் அப்படித்தான் இருக்கும்.

அதனால்தான் போன் இல்லை. அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருப்பாய். எனக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும், நீ என்னைப் பார்த்தே கற்றிருப்பாய். கேட்கிறவரின் முகத்தைப் பார்ப்பது, அவர் சிரித்தால் சிரிப்பது, அவர் நிறுத்தினால் தலையாட்டுவது.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பதினைந்து வயதில் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டு உதடெல்லாம் வீங்கி மூச்சு முட்டியதே, நீ என்னைத் தூக்கிக்கொண்டு கொழுந்து லாரியை மறித்தாயே, அன்றைக்கு எல்லோரும் மருந்துக்காரரைத் திட்டினீர்கள். அவர் மேல் தப்பில்லை. ஊசியைக் காட்டி அவர் என்னவோ கேட்டார். இது முன்பு ஒத்துக்கொண்டதா என்று கேட்டிருக்கிறார். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். தலையாட்டினேன். வெட்கத்தில் செத்திருப்பேன்.

ஆகவே தலையாட்டாதே. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு இருந்தது மூளைக்காய்ச்சல், அதற்கு வழியில்லாமல் போனது. உன்னுடையது வெடி. வெடியில் கிழிந்த செவிப்பறையைத் தைக்கலாம் என்று றஷீனா அக்கா யாரிடமோ விசாரித்துச் சொல்கிறார். தாமதித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நான் கைப்பையில் ஓர் அட்டை வைத்திருப்பேனே, எனக்குக் காது கேட்காது, தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள் என்று. அதை அக்காவின் கணவர் இங்கிலீஷில் எழுதித் தந்தார். இந்தக் கடிதத்தோடு வருகிறது. அதைப் பார்த்துப் பெரிதாக எழுதி நீட்டு. வாய் திறக்க வேண்டாம்.

இனி உன் கூட்டாளிக்கு. இரைச்சல் ஒரு வருடம் இருந்தது, பிறகு பழகிவிட்டது. தூங்கும்போது சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்தால் நடமாட்டம் முதுகில் தெரியும். ரோட்டில் எதிரே வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தால் பின்னால் வருவது தெரியும். பயமாக இருக்கும், ஆமாம். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் குறையும். எனக்கு நீ இருந்தாய்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உன் தங்கச்சி

* * *

பதுளை
28.04.2024, ஞாயிறு

அண்ணா,

ஐந்து வாரம். வருடப் பிறப்பும் வந்து போய்விட்டது. அம்மா உனக்கு எடுத்த சட்டையைச் சாமி படத்தின் முன்னால் வைத்திருக்கிறார். சண்டைக் கடிதமாவது எழுது. நீ எழுதாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. ஒரு சட்டையின் இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டேன். றஷீனா அக்கா பிரித்துத் தந்தார்.

நான் கோபத்தில் எழுதியிருந்தால் மன்னித்துவிடு. ஆனால் எழுதியது அத்தனையும் உண்மை.

தனம்

* * *

துறைமுகத்திலிருந்து
09.05.2024

என் தனத்துக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தத் தடவை அதற்கு மேலும் சொல்கிறேன்.

நீ எழுதியது சரி. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன் மேல் கோபம், அடுத்த வாரம் என் மேல். அந்த அட்டையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை நீட்டினேன். வாசலில் இருந்த பெண் படித்துவிட்டு உடனே பேனாவை எடுத்தாள். அவ்வளவு லேசான காரியமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே செய்திருப்பேன்.

போர்க்கப்பலில் நர்ஸ் அம்மா என் இடது காதில் விளக்கடித்துப் பார்த்தார். ரத்தம் காய்ந்திருந்தது. வலது பக்கம் சரியா என்று கேட்டார் போல. தலையாட்டினேன். சுற்றிலும் சிவப்பு நாடாக்காரர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள், கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் தகுதிப் பத்திரம். சத்தத்தைக் கேட்டே எஞ்சினில் என்ன பழுது என்று சொல்கிறவன் நான், செவிடனுக்கு அந்த வேலையைத் தருவார்களா? கரையில் ஒரு கண்ணாடி அறையில் வைத்துப் பரிசோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதிப்பவரின் கை கண்ணாடியில் தெரிந்தது. அவர் விரல் அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். தேறிவிட்டேன், தனம். அன்று மாலை அறைக்கு வந்து அழுதேன்.

இப்போது டாக்டர் எழுதிக் காட்டியது இது. இடது செவிப்பறையில் பெரிய கிழிசல், ஆபரேஷன் செய்தால் நல்ல அளவுக்குக் கேட்கும். வலதில் உள் நரம்பு அடிபட்டிருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் வந்திருந்தால் மருந்தில் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம், இனிக் கருவி வைத்தால் ஓரளவு. அந்த இரண்டு வாரத்தையும் என் தலையாட்டல்தான் தின்றது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. கப்பல் பத்திரம் போய்விட்டது. வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வராததற்குக் காரணம் அம்மா. உனக்குக் காது போனபோது அம்மா பட்டதை நான் பார்த்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் உன்னைச் செவிடு என்று கூப்பிட்டவனை நான் அடித்தேன், நினைவிருக்கிறதா? அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் உனக்குக் காதாக நான் இருக்கிறேன் என்பதுதான். இப்போது இரண்டு பிள்ளையும் இப்படி என்று எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

ஆபரேஷன் முடிந்து கேட்டால் வருகிறேன். அதுவரை அம்மாவிடம் சொல்லாதே.

உன் அண்ணன்

* * *

பதுளை
19.05.2024, ஞாயிறு

அன்பான அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் வந்து திட்டு.

அம்மா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை. ரொட்டி கருகியது. எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டார், "காலு இருக்கா? கையி இருக்கா?" இருக்கிறது என்றேன். "கண்ணு?" இருக்கிறது என்றேன். பிறகுதான் அழுதார். வெகுநேரம் அழுதார். லயத்தில் பக்கத்து வீட்டார் வந்து கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார். "எம் மவனுக்குக் காதுல அடி. உசுரு இருக்கு. அது போதும்." அதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்திருந்தது அண்ணா. நீ பயந்த முகம் அது இல்லை.

போன் விஷயத்தைச் சொன்னேன். உனக்குக் கேட்காது, அதனால் எடுக்கவில்லை என்று. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கேட்காட்டிப் போவுது. பேசலாம்ல? வாய்க்கு என்ன வந்துச்சு அவனுக்கு?"

எனக்கே தோன்றாத யோசனை. ஆகவே வரும் ஞாயிறு பத்து மணிக்கு நீ போன் எடு. இங்கே நாங்கள் தூக்கியதும் உன் திரையில் நேரம் ஓட ஆரம்பிக்கும், அதைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கு. நீ பாட்டுக்குப் பேசு. அம்மா கேட்டுக்கொள்வார்.

உன் தங்கச்சி

* * *

துறைமுகத்திலிருந்து
27.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்ல சுகம். நேற்று அரை மணி நேரம் பேசினேன். முதலில் சுவரோடு பேசுவது போல இருந்தது. பிறகு அம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். மெத்தை வைத்து ஓட்டையை அடைத்த கதை, சமையல்காரர் கதை, இங்கத்து மீன் விலை, எல்லாம் சொன்னேன். என் குரல் எப்படி இருந்தது? கத்தினேனா? அம்மா ஏதாவது சொன்னாரா?

ஆபரேஷன் ஜூலையில், கொழும்பிலேயே. அதற்கு முன் வீட்டுக்கு வருகிறேன். ஜூன் பதினைந்து சனிக்கிழமை கொழும்பிலிருந்து காலை ரயில். பின்னேரம் பதுளையில் இறங்குவேன்.

இன்னொன்று. இங்கே தங்குமிடத்து ஜெனரேட்டரில் சும்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அதிர்வு தப்பி வந்தது. பேரிங் போகப்போகிறது என்று எழுதிக் கொடுத்தேன். சிரித்தார்கள். நாலாம் நாள் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் அதேதான். பதுளையில் எந்த கராஜிலாவது எனக்கு வேலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

வருகிறேன்.
அண்ணன்

* * *

பதுளை
02.06.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நல்ல சுகம். கத்தினாய். கடைக்கு வெளியே போகிறவர்கள்கூட நின்று கேட்டார்களாம். அம்மா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி, நீ சொன்னதற்கெல்லாம் "ஆமாய்யா, சரிய்யா, சாப்பிட்டியாய்யா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்குக் கேட்காது என்று றஷீனா அக்கா ஞாபகப்படுத்தினார். "அவனுக்குக் கேட்காது, எனக்குச் சொல்லணும்ல" என்றார் அம்மா. நீ வைத்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது அம்மா என் முகவாயைத் திருப்பிக் கேட்டார், "அந்தக் கைப் பேச்சு எனக்கும் வருமாடி? உங்க அண்ணன் வந்தா நான் எப்படிப் பேசறது?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நெஞ்சு எரிந்தது. பதினேழு வருடம் எனக்காகக் கற்காததை உனக்காக ஒரே நாளில் கேட்கிறாரே என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். உன் மேல் உள்ள பாசத்தில்தான், வேறு எதற்கும் இல்லை.

கொழுந்து கிள்ளித் தடித்த விரல்கள் சொன்னபடி மடங்குவதில்லை. தண்ணீருக்கும் வலிக்கும் வித்தியாசம் வரவே மூன்று நாள். மலையில் வேலை செய்துகொண்டே பழகுகிறாராம், மற்றப் பெண்கள் சிரிக்கிறார்களாம். போதும் என்பது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது.

நேற்றுக் கடையில் வேலை அதிகம். அங்கேயே சோறு சாப்பிட்டுவிட்டு நேரம் பிந்தித்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். வழக்கமாகக் கத்துவாரே, அந்த மாதிரி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஐந்து விரலையும் மெதுவாகக் குவித்தார். வாயருகே கொண்டுபோனார். மணிக்கட்டைத் திருப்பி, கேள்வியாக என்னைப் பார்த்தார்.

சாப்பிட்டியா?

அண்ணா, ஏழு வயதுக்குப் பிறகு அம்மா என்னிடம் கேட்டு, உதட்டைப் பார்த்து ஊகிக்காமல் நான் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் கேள்வி அது. உன்னிடம் பேசக் கற்றதை என்னிடம்தான் முதலில் பேசினார்.

இல்லை என்று கையாட்டினேன். பொய்தான். அம்மா எனக்குச் சோறு போட்டார்.

உன் தங்கச்சி
தனலெட்சுமி